கர்ப்பப்பையை எடுக்கும்போது சினைப்பையை வைத்துக்கொள்வதா, எடுப்பதா: முடிவெடுப்பதற்கான முழுமையான வழிகாட்டி

மகளிர் அறுவைப் பிரிவில் செவிலியராகப் பணிபுரிந்த ஆண்டுகளில் நான் பலமுறை எதிர்கொண்ட கேள்வி, "சிஸ்டர், எனக்குச் சினைப்பை இருக்கா, எடுத்துட்டாங்களா?" என்பது. கேட்டவர்கள் கர்ப்பப்பை அறுவை முடிந்து ஐந்தோ பத்தோ ஆண்டுகள் ஆனவர்கள். மஞ்சள் பையிலிருந்து, மடிப்பில் கிழிந்துபோன டிஸ்சார்ஜ் தாளை எடுத்து நீட்டுவார்கள். அதில் அறுவையின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறியும் 'பி.எஸ்.ஓ.' என்ற மூன்று எழுத்துகளும் இருக்கும். இரண்டு சினைப்பைகளும் இரண்டு கருக்குழாய்களும் எடுக்கப்பட்டன என்பதே அவற்றின் பொருள். 38 வயதில் அறுவை செய்துகொண்ட ஒருவர், ஆறு ஆண்டுகளாக இரவில் வியர்த்து எழுந்து உட்கார்ந்ததற்கான காரணத்தை அந்த மூன்று எழுத்துகளை நான் படித்துச் சொன்ன பிறகுதான் அறிந்தார்.

புற்றுநோய் இன்னும் உறுதியாகாத, அவசரம் இல்லாத, நாள் குறித்துச் செய்யப்படும் கர்ப்பப்பை அறுவைக்காகக் காத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். படிகளை இங்கே உள்ள வரிசையிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். முன்படிக்கு விடை தெரியாமல் பின்படிக்குப் போனால், விடை கிடைத்தாலும் அது உங்கள் உடலுக்குப் பொருந்திய விடையாக இருக்காது. இறுதி முடிவை உங்களைப் பரிசோதித்த மகளிர் நோய் மருத்துவருடன் சேர்ந்தே எடுக்க வேண்டும். அந்த உரையாடலுக்கு நீங்கள் தயாராகப் போவதற்கே இந்த வழிகாட்டி.

1. இது ஒன்றல்ல, இரண்டு முடிவுகள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

கர்ப்பப்பை கருவைச் சுமக்கும் உறுப்பு. மாதவிலக்கு அதிலிருந்து வருகிறது. சினைப்பைகள் அதன் இருபுறமும் இருக்கும் தனி உறுப்புகள். முட்டையோடு ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், டெஸ்டோஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களையும் அவையே சுரக்கின்றன. கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் மாதவிலக்கு நிற்கும், ஹார்மோன் சுரப்பு தொடரும். மாதவிலக்கு நிற்காத வயதில் சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தால், இயற்கையாகப் பல ஆண்டுகளில் மெல்ல நடக்க வேண்டிய மாற்றம் சில நாட்களில் நடந்து முடிந்துவிடும்.

இங்கே நடக்கும் முதல் தவறு ஒரு சொல்லால் வருகிறது. மருத்துவர் 'டோட்டல் ஹிஸ்டரெக்டமி' என்று சொல்லும்போது, கர்ப்பப்பையையும் அதன் வாய்ப்பகுதியையும் சேர்த்து எடுப்பதையே குறிப்பிடுகிறார். சினைப்பை அந்தச் சொல்லுக்குள் அடங்காது. வீட்டில் அதுவே "முழுசா எடுத்துட்டாங்க" என்று மாறி, கேட்பவர் எல்லாமே போய்விட்டதாக எண்ணிக்கொள்கிறார். இதற்கு நேர்மாறாக, சினைப்பையும் எடுக்கப்பட்டிருக்க, கர்ப்பப்பை மட்டும்தான் போனது என்று நம்பியிருப்பவர்களும் உண்டு.

தாளில் வரும் சுருக்கெழுத்துகளை அறிந்துகொண்டால் இந்தக் குழப்பம் தீரும். டி.ஏ.எச். என்பது வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுப்பது, டி.எல்.எச். என்பது லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே கேமரா செலுத்திச் செய்யும் அறுவை) வழியாக எடுப்பது, வி.எச். என்பது பிறப்புறுப்பின் வழியாக எடுப்பது. பி.எஸ்.ஓ. என்றால் இருபுறச் சினைப்பைகளும் கருக்குழாய்களும், யு.எஸ்.ஓ. என்றால் ஒரு புறம் மட்டும், பி.எஸ். என்றால் கருக்குழாய்கள் மட்டும்.

2. மருத்துவரைப் பார்க்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கடைசி ஸ்கேன் அறிக்கையை முழுமையாக எடுத்துச் செல்லுங்கள். கர்ப்பப்பைக் கட்டியின் அளவை மட்டும் பார்த்துவிட்டு, கீழே இரு சினைப்பைகளைப் பற்றி எழுதியிருக்கும் இரண்டு வரிகளை நோயாளிகள் யாருமே படிப்பதில்லை. உங்கள் முடிவுக்குத் தேவையானவை அந்த இரண்டு வரிகளே. சினைப்பை இயல்பாக உள்ளதா, நீர்க்கட்டி உள்ளதா, கட்டி இருந்தால் அது நீர் மட்டும் நிறைந்ததா அல்லது உள்ளே கெட்டியான பகுதியும் இருக்கிறதா என்பது அங்கேதான் இருக்கும்.

கர்ப்பப்பை வாய்க்கான பேப் பரிசோதனை முடிவும், அதிக இரத்தப்போக்கு இருந்தால் கர்ப்பப்பை உள்சவ்வின் பயாப்ஸி (சிறிது திசு எடுத்துச் செய்யும் ஆய்வு) முடிவும் வேண்டும். 45 வயதுக்கு மேல் முறையற்ற இரத்தப்போக்கு உள்ளவர்களுக்கும், உடல் பருமன் போன்ற ஆபத்துக் காரணிகள் இருந்தால் அதற்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் அறுவைக்கு முன்பே இந்தப் பயாப்ஸி செய்யப்பட வேண்டும். உள்சவ்வில் புற்றுநோய் இருந்தால் அறுவையின் அளவே மாறும். அது தெரியாமல் சினைப்பையை விட்டுவைத்து, பிறகு ஆய்வக முடிவில் புற்றுநோய் என்று வந்து, இரண்டாம் முறை மயக்க மருந்துக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். பயாப்ஸிக்குப் பிறகே சினைப்பை முடிவு என்ற வரிசையை ஒருபோதும் மாற்றாதீர்கள்.

இவற்றோடு, கடைசி ஓர் ஆண்டின் மாதவிலக்குத் தேதிகள், இப்போது உட்கொள்ளும் மருந்துகள், முன்பு நடந்த அறுவைகள் ஆகியவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனை ஓர் அறுவையாகவே கருதாமல் சொல்லாமல் விடுபவர்கள் அதிகம்; அது ஏன் முக்கியம் என்பது ஏழாம் படியில் வரும்.

3. கர்ப்பப்பையை ஏன் எடுக்கிறார்கள் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள்

அந்த ஒரு வரியை உங்களால் எழுத முடியவில்லை என்றால், சினைப்பையைப் பற்றி யோசிக்கும் நேரம் இன்னும் வரவில்லை என்று பொருள். முதலில் கர்ப்பப்பை அறுவை தேவைதானா என்பதையே மீண்டும் கேட்க வேண்டும். வெள்ளைப்படுதல், இடுப்புவலி, "கர்ப்பப்பையில் புண்" போன்ற விளக்கங்கள் மட்டும் கர்ப்பப்பையை எடுக்கப் போதுமானவை அல்ல. தேவையற்ற கர்ப்பப்பை அறுவைகளைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022இல் வெளியிட்ட நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டிருக்கிறது. இரண்டாவது மருத்துவரிடம் கருத்துக் கேட்பது யாரையும் அவமதிப்பதாகாது.

காரணம் தெளிவான பின், அது சினைப்பையைத் தொடுகிறதா என்று பாருங்கள். நார்க்கட்டி (ஃபைப்ராய்டு), அடினோமயோசிஸ் (உள்சவ்வுத் திசு கர்ப்பப்பைத் தசைக்குள் வளர்வது), மருந்துக்குக் கட்டுப்படாத இரத்தப்போக்கு, அடியிறக்கம் (கர்ப்பப்பை கீழிறங்குவது) ஆகிய நான்கும் கர்ப்பப்பையின் அல்லது அதைத் தாங்கும் தசைகளின் பிரச்சினைகள்; சினைப்பையை எடுப்பதால் இவற்றின் சிகிச்சை எந்த வகையிலும் மேம்படுவதில்லை. கர்ப்பப்பை அறுவைகளில் பெரும்பாலானவை இந்த நான்கில் ஒன்றுக்காகவே நடக்கின்றன என்பதால், பெரும்பாலான பெண்களுக்குச் சினைப்பையை எடுப்பதற்குத் தனியாக ஒரு காரணம் காட்டப்பட வேண்டும்.

எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கர்ப்பப்பை உள்சவ்வைப் போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளரும் நோய், கடினமான இடம். நோய் பலருக்குச் சினைப்பையிலேயே ஊறியிருக்கும். ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை மீண்டும் தூண்டப்படக் கூடும். சினைப்பையை விட்டுவைத்தால் வலி திரும்பவும் மறு அறுவை தேவைப்படவும் வாய்ப்பு அதிகம். எடுத்தால் இளம் வயதிலேயே ஹார்மோன் இழப்பு. இங்கே பொது விதி கிடையாது. நோய் எந்த அளவு பரவியிருக்கிறது, ஒரு சினைப்பையையாவது சுத்தப்படுத்தி வைத்துக்கொள்ள முடியுமா, உங்கள் வயது என்ன என்பவற்றை வைத்து, இந்த நோயில் பழகிய அறுவை மருத்துவர் ஒருவரிடம் விரிவாகப் பேச வேண்டும்.

சினைப்பையில் சந்தேகத்துக்குரிய கட்டி, சினைப்பைக்குப் பரவிய சீழ்க்கட்டி, கர்ப்பப்பை உள்சவ்வுப் புற்றுநோய் ஆகியவை பொதுவாக எடுக்கும் பக்கம் தராசைச் சாய்ப்பவை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் அப்படியல்ல. அதில் அதிகம் காணப்படும் வகையில், தொடக்க நிலையில், மாதவிலக்கு நிற்காத பெண்ணுக்குச் சினைப்பையைக் காப்பாற்ற முடியும். பிறகு கதிர்வீச்சு தேவைப்படலாம் என்றால் சினைப்பையை இடுப்புக்கு மேலே இடம் மாற்றித் தைத்துவைக்கும் முறையும் உண்டு. புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதும் இந்தக் கேள்வியை விட்டுவிடுகிறார்கள். கேட்டே ஆக வேண்டும்.

4. குடும்பத்தின் புற்றுநோய் வரலாற்றை வரைந்து பாருங்கள்

ஒரு வெள்ளைத் தாளில் உங்கள் பெயரை நடுவில் எழுதி, மேலே பெற்றோர், அவர்களின் உடன்பிறந்தோர், அதற்கு மேலே தாத்தா பாட்டிகள், பக்கத்தில் உங்கள் அக்கா தங்கைகள் என்று வரையுங்கள். மார்பகம், சினைப்பை, கணையம், பெருங்குடல், கர்ப்பப்பை ஆகியவற்றில் புற்றுநோய் வந்தவர்களை வட்டமிட்டு, எந்த வயதில் வந்தது என்று எழுதுங்கள். தாய்வழியை மட்டும் எழுதித் தந்தைவழியை விட்டுவிடுவது மிகப் பரவலான தவறு. மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் தந்தையிடமிருந்தும் வரும். அத்தைக்கு வந்த மார்பகப் புற்றுநோய் சித்திக்கு வந்ததற்குச் சமமான செய்தி.

நம் வீடுகளில் அந்த நோயின் பெயரைச் சொல்ல மாட்டார்கள் என்பதால் சொற்களைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். ஒரு முறை நான் ஒரு பெண்ணுடன் உட்கார்ந்து இந்தப் படத்தை வரைந்தபோது, "எங்க வீட்ல யாருக்கும் கேன்சர் இல்ல சிஸ்டர்" என்று உறுதியாகச் சொன்னார். அருகில் இருந்த அவருடைய அம்மாவிடம், சிறு வயதில் இறந்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டேன். "என் அக்கா போயிட்டா, நாப்பத்தாறு வயசுல. வயித்துல தண்ணி கோத்துக்கிட்டுது, எடுக்க எடுக்க ஊறுச்சு" என்றார். கல்லீரல் நோயிலும் வயிற்றில் நீர் கோக்கும். சினைப்பைப் புற்றுநோயிலும் கோக்கும். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரை மரபணு ஆலோசனைக்கு அனுப்பினார்கள்.

இந்தப் படியை வயதுக்கு முன்னால் வைத்திருப்பதற்குக் காரணம், இதன் விடை மற்ற எல்லாக் கணக்கையும் மாற்றிவிடும் என்பதே. சாதாரணமாக ஒரு பெண்ணின் வாழ்நாளில் சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, அமெரிக்கக் கணக்குப்படி நூற்றில் ஒருவருக்குச் சற்று அதிகம். பி.ஆர்.சி.ஏ.1 மாற்றம் இருந்தால் அது நூற்றில் 39 முதல் 58 வரை உயர்கிறது, பி.ஆர்.சி.ஏ.2 என்றால் 13 முதல் 29 வரை. இவர்களுக்குக் குழந்தைப்பேறு முடிந்த பின், முதல் வகையில் 35 முதல் 40 வயதுக்குள்ளும், இரண்டாம் வகையில் 40 முதல் 45 வயதுக்குள்ளும் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிடுவதே பரிந்துரை. பெருங்குடல், கர்ப்பப்பைப் புற்றுநோய் வாய்ப்பை மரபுவழியாகக் கூட்டும் லிஞ்ச் நோய்க்குறி உள்ள குடும்பங்களுக்கும் தனி ஆலோசனை தேவை.

குடும்பத்தில் ஒருவருக்குச் சினைப்பைப் புற்றுநோயோ, 50 வயதுக்குள் மார்பகப் புற்றுநோயோ இருந்தால் அறுவைத் தேதியைக் குறிக்கும் முன் மரபணு ஆலோசனை கேளுங்கள். இரத்தப் பரிசோதனையின் முடிவு வர வாரங்கள் ஆகும். நார்க்கட்டி அதுவரை காத்திருக்கும்.

5. மாதவிலக்கின் நிலையை வைத்து உங்கள் இடத்தைக் கண்டுகொள்ளுங்கள்

குடும்ப வரலாறும் இல்லை, சினைப்பையும் நலமாக இருக்கிறது என்றால் அடுத்துத் தீர்மானிப்பது இந்தப் படியே. பலர் வயதை மட்டும் கேட்கிறார்கள். 46 வயதில் மாதந்தோறும் ஒழுங்காக மாதவிலக்கு வருபவரும், அதே வயதில் எட்டு மாதமாக வராதவரும் ஒரே இடத்தில் இல்லை. மேலும், மேலை நாட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பது சராசரியாக 51 வயதில்; இந்தியப் பெண்களுக்கு 46, 47ஐ ஒட்டி. ஆகவே இணையத்தில் பார்க்கும் வயது எல்லைகளை அப்படியே நமக்குப் பொருத்தக் கூடாது.

மாதவிலக்கு நிற்காதவர்களுக்கு, தனிக் காரணம் எதுவும் இல்லையென்றால், சினைப்பையை வைத்துக்கொள்வதே சரி என்பது என் உறுதியான கருத்து. பெரிய மருத்துவ அமைப்புகளின் பரிந்துரையும் அதே பக்கமே நிற்கிறது. 2009இல் வெளியான, 29,380 அமெரிக்கச் செவிலியர்களை 24 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், கர்ப்பப்பையோடு இரு சினைப்பைகளையும் எடுத்தவர்களுக்குச் சினைப்பைப் புற்றுநோயும் மார்பகப் புற்றுநோயும் குறைந்தன. ஆனால் இதய நோயும், மொத்தத்தில் இறப்பும் கூடியிருந்தன. எந்த வயதுப் பிரிவிலும் சினைப்பையை எடுத்தவர்கள் கூடுதலாக வாழவில்லை. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் நடந்த இன்னொரு நீண்ட ஆய்வில், 45 வயதுக்கு முன் இரண்டையும் இழந்து ஈஸ்ட்ரோஜனும் எடுத்துக்கொள்ளாதவர்களிடம் இறப்பு விகிதம் அதிகமாக இருந்தது. இவை குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனைகள் அல்ல, பின்தொடர்ந்து கவனித்த ஆய்வுகளே. ஆயினும் இவ்வளவு பேரிடம் ஒரே திசை தெரியும்போது அதைத் தள்ளிவிட முடியாது.

இதன் காரணமும் புரிந்ததே. இரத்தக் குழாய்கள், எலும்பு, மூளை, தோல், சிறுநீர்ப்பை, பிறப்புறுப்பின் ஈரப்பசை எல்லாம் ஈஸ்ட்ரோஜனைச் சார்ந்தவை. 2015-16 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் கர்ப்பப்பையை எடுத்தவர்களுக்கு அது நடந்த நடு வயது 34. அந்த வயதில் சினைப்பையும் போனால், இயல்பாகக் கிடைத்திருக்க வேண்டிய பன்னிரண்டு ஆண்டு ஹார்மோன் பாதுகாப்பு போகிறது. வயல் வேலையும் கட்டட வேலையும் செய்யும் பெண்ணுக்கு எலும்பு தேய்ந்தால் அது அன்றாடக் கூலியைப் பாதிக்கும். அறுவை அறையில் இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை.

மாதவிலக்கு நின்று சில ஆண்டுகளே ஆனவர்களின் இடம் இவ்வளவு தெளிவாக இல்லை. நின்ற பிறகும் சினைப்பை ஓய்வதில்லை. டெஸ்டோஸ்டிரோனும் அதை ஒத்த ஹார்மோன்களும் சிறிதளவு தொடர்ந்து சுரக்கின்றன, உடலின் கொழுப்புத் திசு அவற்றிலிருந்து ஈஸ்ட்ரோஜனை உண்டாக்குகிறது. இந்தப் பயன் சிறிது; சினைப்பைப் புற்றுநோய் அச்சமும் சராசரிப் பெண்ணுக்குச் சிறிதே. இந்த வயதில் எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் அது நியாயமான முடிவே. எலும்பு அடர்த்தி ஏற்கெனவே குறைந்தவர், இதய நோய் உள்ள குடும்பத்தவர் வைத்துக்கொள்ளும் பக்கம் சாயலாம். புற்றுநோய் அச்சத்தால் தூக்கமே வராதவர் எடுக்கும் பக்கம் சாயலாம். அந்த அச்சமும் ஒரு காரணமே. 65 வயதைக் கடந்தவர்களுக்கு எடுப்பதில் இழப்பு மிகக் குறைவு.

இந்த இடத்தில் பெரும்பாலோர் சொல்லும் ஒரு சமாதானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்: "வச்சிக்கிட்டு வருஷா வருஷம் ஸ்கேன் பண்ணிப் பாத்துக்கலாம்." பிரிட்டனில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2021இல் இறுதி முடிவு வந்த ஆய்வில், ஆண்டுதோறும் ஸ்கேனோ, சினைப்பைப் புற்றுநோயில் கூடக்கூடிய சி.ஏ.125 என்ற புரதத்தை அளக்கும் இரத்தப் பரிசோதனையோ செய்தது சினைப்பைப் புற்றுநோய் இறப்பைக் குறைக்கவில்லை. நார்க்கட்டி, எண்டோமெட்ரியோசிஸ், மாதவிலக்கு நாட்கள் ஆகிய எதிலும் சி.ஏ.125 கூடும். அதன் எண் சற்று உயர்ந்திருக்கிறது என்பதற்காக மட்டும் சினைப்பையை எடுக்கச் சம்மதிக்காதீர்கள். ஸ்கேனில் என்ன தெரிகிறது என்று கேளுங்கள்.

6. எடுத்தால் ஹார்மோன் சிகிச்சை உங்களுக்குச் சாத்தியமா என்று முன்பே கேளுங்கள்

"எடுத்துட்டு மாத்திரை கொடுத்துடலாம்" என்று சொல்லப்படும்போது, அந்த மாத்திரை உங்களுக்குப் பொருந்துமா, நீங்கள் வாழும் ஊரில் கிடைக்குமா, மாதந்தோறும் வாங்க முடியுமா என்ற மூன்றையும் அறுவைக்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டும். அறுவைக்குப் பின் இந்தப் பேச்சு நடப்பது அரிது. தையல் பிரித்ததோடு பெரும்பாலோர் மருத்துவமனைக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள்.

45 வயதுக்கு முன் இரு சினைப்பைகளையும் இழப்பவர்கள், தடை ஏதும் இல்லையென்றால், இயல்பாக மாதவிலக்கு நிற்கும் வயது வரையிலாவது ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொள்ள வேண்டும். கர்ப்பப்பை இல்லாதவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். உள்சவ்வைக் காக்கச் சேர்க்கப்படும் புரோஜெஸ்டிரோன் பொதுவாகத் தேவையில்லை. எண்டோமெட்ரியோசிஸ் மிச்சம் இருந்தவர்களுக்கு மருத்துவர் அதையும் சேர்க்கலாம்.

ஹார்மோன் என்றாலே மார்பகப் புற்றுநோய் என்று அஞ்சுபவர்களுக்கு ஒரு செய்தி. கர்ப்பப்பை எடுத்த 10,739 பெண்களிடம் அமெரிக்காவில் நடந்து 2004இல் முடிவு வெளியான சோதனையில், ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. பக்கவாத ஆபத்து சற்றுக் கூடியது. அவர்கள் 50 முதல் 79 வயதுக்குட்பட்டவர்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். தோலில் பூசும் ஜெல்லில் இரத்தம் உறையும் ஆபத்து மாத்திரையை விடக் குறைவு.

முன்பு மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், கால் இரத்தக் குழாயிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு ஹார்மோன் தர முடியாமல் போகலாம். மாற்று மருந்தே கொடுக்க முடியாத உடலிலிருந்து, தனிக் காரணமின்றி, அதைச் சுரக்கும் உறுப்பை எடுக்கலாமா என்று நேராகக் கேட்டுவிடுங்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் இதைப் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்க வேண்டும். சிலவகை மார்பகப் புற்றுநோயில் சினைப்பையின் சுரப்பை நிறுத்துவதே சிகிச்சையின் ஒரு பகுதி.

7. கருக்குழாயைப் பற்றித் தனியாகக் கேளுங்கள்

எடுப்பது, வைப்பது என்ற இரண்டுக்கும் இடையில் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது: சினைப்பைகளை வைத்துக்கொண்டு கருக்குழாய்களை மட்டும் எடுப்பது. சினைப்பைப் புற்றுநோயில் மிகக் கொடியதும் மிகப் பரவலானதுமான வகை, பெரும்பாலும் கருக்குழாயின் விரல் போன்ற நுனியில் தொடங்கிச் சினைப்பைக்குப் பரவுகிறது என்பது இப்போது தெரிந்திருக்கிறது. கர்ப்பப்பை போன பிறகு கருக்குழாய்க்கு வேறு வேலை இல்லை. அதை எடுத்தால் ஹார்மோன் குறைவதாகவும் ஆய்வுகளில் தெரியவில்லை. சராசரி ஆபத்துள்ள பெண்ணுக்கு இதுவே நல்ல நடுவழி.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், "குழாயைத்தான் ஏற்கெனவே எடுத்துட்டாங்களே" என்று இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். அந்த ஆபரேஷனில் பொதுவாகக் குழாயின் நடுப்பகுதியில் ஒரு சிறு துண்டை வெட்டிக் கட்டுவார்கள், அல்லது வளையம் போடுவார்கள். புற்றுநோய் தொடங்கும் நுனி அப்படியே இருக்கும். தமிழ்நாட்டில் கர்ப்பப்பை அறுவைக்கு வரும் பெண்களில் மிகப் பலர் ஏற்கெனவே இந்த ஆபரேஷன் செய்தவர்கள் என்பதால், மீதிக் குழாயையும் சேர்த்து எடுப்பீர்களா என்று சொல்லிக் கேட்பது அவசியம்.

அடியிறக்கத்துக்காகப் பிறப்புறுப்பு வழியாக அறுவை நடக்கும்போது கருக்குழாய் எட்டாமல் போகலாம். அதற்காக வயிற்றைத் திறக்கச் சொல்ல வேண்டாம். சுலபமாக எட்டினால் எடுங்கள் என்று சொன்னால் போதும். பி.ஆர்.சி.ஏ. மாற்றம் உள்ளவர்களுக்கு இந்த நடுவழி போதாது. அவர்களுக்கு நான்காம் படியில் சொன்னதே பொருந்தும்.

8. முடிவைப் பேசும் நாள்

கூட வருபவரை முன்பே தயார்ப்படுத்துங்கள். கணவரோ, மகனோ, நாத்தனாரோ, யாராக இருந்தாலும், "எதுக்கு வம்பு, அதையும் எடுத்துடுங்க டாக்டர்" என்று உங்களுக்கு முன்பாகச் சொல்லிவிடும் வழக்கம் இருக்கிறது. அன்பினால் சொல்வதுதான், ஆனால் அதைக் கேட்ட மருத்துவர், குடும்பம் முடிவெடுத்துவிட்டது என்று எழுதிக்கொள்வார். உள்ளே போகும் முன்பே, "நான் கேட்டு முடிக்கும்வரை நீங்க எதுவும் சொல்லாதீங்க" என்று சொல்லி வையுங்கள்.

கேள்வியை எப்படிக் கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். "எடுக்கலாமா?" என்று கேட்டால் "எடுக்கலாம்" என்ற விடைதான் வரும். "என் சினைப்பையில் இப்போது என்ன கோளாறு இருக்கிறது?" என்று கேளுங்கள். கோளாறு இல்லை, வருங்காலப் பாதுகாப்புக்காக என்று பதில் வந்தால், "என் குடும்ப வரலாற்றின்படி எனக்கு ஆபத்து சராசரியா, அதிகமா?" என்று கேட்டு, நீங்கள் வரைந்த படத்தைக் காட்டுங்கள். பிறகு, "வைத்துக்கொண்டு குழாயை மட்டும் எடுத்தால் எனக்கு என்ன இழப்பு?" என்று கேளுங்கள். விட்டுவைத்தால் பின்னாளில் மறுபடி அறுவை செய்ய நேரும் என்று சொல்லப்படலாம். சிலருக்கு நேர்வது உண்மை. ஆனால் எண்டோமெட்ரியோசிஸ் இல்லாதவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது நேர்வதில்லை.

வைத்துக்கொள்வதன் வரம்பையும் அறிந்து முடிவெடுங்கள். சினைப்பைக்கு வரும் இரத்தத்தில் ஒரு பங்கு கர்ப்பப்பைத் தமனியின் கிளையிலிருந்து வருகிறது. அறுவையில் அது துண்டிக்கப்படும். கர்ப்பப்பையை மட்டும் எடுத்த பெண்களைப் பின்தொடர்ந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நான்கு ஆண்டுகளில் சுமார் 15 விழுக்காட்டினருக்குச் சினைப்பை ஓய்ந்துவிட்டது. அறுவை செய்யாதவர்களில் இது 8 விழுக்காடு. முன்கூட்டியே ஓயும் வாய்ப்பு இருக்கிறது என்பதால், வைத்துக்கொண்டவர்களும் பத்தாம் படியைப் படிக்க வேண்டும்.

9. ஒப்புதல் படிவத்தில் எழுத்தில் வாங்குங்கள்

பேசியது எல்லாம் படிவத்தில் இல்லையென்றால் பேசாததற்குச் சமம். உங்களிடம் பேசிய மருத்துவரும் அறுவை அறையில் நிற்பவரும் வேறு வேறாக இருக்கலாம். அவர் கையில் இருப்பது படிவம் மட்டுமே. பெரும்பாலும் அறுவைக்கு முந்தைய மாலையில், கனூலா குத்திய கையோடு, ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அறுவையின் பெயர் எழுதிய வரியை விரலால் தொட்டு, "இதில் சினைப்பை இருக்கிறதா?" என்று கேளுங்கள். பி.எஸ்.ஓ. என்று எழுதியிருந்து நீங்கள் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால், அதை அடித்துத் திருத்தி மருத்துவர் சுருக்கொப்பம் இட்ட பிறகே கையெழுத்திடுங்கள். தமிழிலேயே ஒரு வரி எழுதலாம்: "சினைப்பைகள் பார்வைக்கு நலமாக இருந்தால் எடுக்கச் சம்மதம் இல்லை. கருக்குழாய்களை எடுக்கச் சம்மதம்."

எதிர்பாராதது தென்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். வயிற்றைத் திறந்தபின் ஒரு சினைப்பையில் சந்தேகத்துக்குரிய கட்டி தெரிந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் எடுக்கச் சம்மதமா, உறைநிலைப் பரிசோதனை (அறுவை நடக்கும்போதே திசுவை உறையவைத்து ஆய்வது) செய்து முடிவு பார்த்து மேற்கொண்டு போகச் சம்மதமா என்று எழுதிவையுங்கள். ஒரு சினைப்பை மட்டும் மிஞ்சினாலும் அதுவே ஹார்மோனைத் தரும். இந்த வரி இல்லாதபோதுதான் மருத்துவர் வெளியே வந்து உறவினரைக் கேட்க நேர்கிறது.

உறவினர் சொல்லும் சம்மதம் உங்கள் சம்மதம் ஆகாது. 44 வயதுப் பெண் ஒருவர் பரிசோதனைக்கான லேப்ராஸ்கோப்பிக்குக் கையெழுத்திட்டு மயக்கத்தில் இருந்தபோது, அவருடைய தாயின் சம்மதத்தை வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்த வழக்கில், 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தச் சம்மதம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, சுயநினைவு திரும்பியபின் அந்தப் பெண்ணையே கேட்டிருக்க வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம்.

10. அறுவைக்குப் பின்

வீடு திரும்பும் முன் டிஸ்சார்ஜ் தாளில் எது எடுக்கப்பட்டது, எது விடப்பட்டது என்று படித்துச் சொல்லச் சொல்லுங்கள். எடுத்த உறுப்புகளின் ஆய்வக அறிக்கை ஒன்றிரண்டு வாரங்கள் கழித்தே வரும். அதை நேரில் போய் வாங்குங்கள். நலமாக இருப்பதாக எண்ணி அறிக்கையை வாங்காமலேயே விட்டவர்களின் தாள்கள் பதிவறை அலமாரியில் கட்டுக்கட்டாகக் கிடப்பதை நான் கண்டிருக்கிறேன்.

சினைப்பைகள் எடுக்கப்பட்டவர்களுக்கு உடல் வெப்பம் பொங்குவதும் வியர்ப்பதும் சில நாட்களிலேயே தொடங்கலாம். அதை "ஆபரேஷன் சூடு" என்று இளநீரோடு விட்டுவிடாமல், முதல் மறுபரிசோதனையிலேயே ஹார்மோன் சிகிச்சையைப் பற்றிக் கேளுங்கள். எலும்பு அடர்த்தியை அறிய டெக்சா ஸ்கேன், இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றின் பரிசோதனை, சுண்ணாம்புச் சத்து, வைட்டமின் டி, நாள்தோறும் நடை ஆகியவை இவர்களுக்கு மற்றவர்களை விட முன்னதாகவே தேவைப்படும். உறவின்போது வறட்சியும் எரிச்சலும் இருந்தால் அதற்கு உள்ளே பூசும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு இருக்கிறது. வெட்கப்பட்டுச் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொண்டவர்கள் பலர்.

சினைப்பைகளை வைத்துக்கொண்டவர்களுக்கு, மாதவிலக்கு என்ற அடையாளம் இல்லாததால், சினைப்பை எப்போது ஓய்கிறது என்பது தெரியாது. 45 வயதுக்கு முன் வெப்பம் பொங்குதல், தூக்கம் கெடுதல், காரணமில்லாத மூட்டுவலி, வறட்சி ஆகியவை சேர்ந்து வந்தால் சினைப்பையின் நிலையைக் காட்டும் எஃப்.எஸ்.எச்., ஈஸ்ட்ரடயால் என்ற ஹார்மோன்களின் இரத்தப் பரிசோதனைகளைக் கேளுங்கள். முடிவு அதை உறுதிசெய்தால் இவர்களுக்கும் சிகிச்சை உண்டு. சில வாரங்களாக வயிறு உப்பிக்கொண்டே இருப்பது, சிறிது உண்டதும் வயிறு நிறைந்துவிடுவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் போவது ஆகியவை தொடர்ந்தால், வாயுத் தொல்லை என்று கடையில் மாத்திரை வாங்காமல், டிஸ்சார்ஜ் தாளின் நகலோடு மகளிர் நோய் மருத்துவரிடம் போய், "எனக்குச் சினைப்பைகள் இருக்கின்றன" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். கர்ப்பப்பை எடுத்தவர் என்றதும் சினைப்பையும் இல்லை என்று எண்ணி ஸ்கேன் எழுதாமல் விடுவது மருத்துவமனைகளிலும் நடக்கிறது.